டெக்குக்குக் கீழே விழாத தண்ணீர்

திருவொற்றியூரில் பொதுமக்கள் நின்று கடலைப் பார்ப்பதற்குத் தகுந்த ஏற்பாடு இல்லை என்று மேலிடத்துக்கு ஒருநாள் கவலை வந்தது. அதுவரை மக்கள் மணலில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முறைப்படியான பார்வை அல்லவே! அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பிய கடற்கரை அழகுபடுத்தல் பிரிவின் சிறப்பு அலுவலர் அசோகன், பெட்டியில் சாக்லேட்டும் வாயில் ஒரு புதுச் சொல்லும் கொண்டுவந்திருந்தார். அந்தச் சொல் 'டெக்'.

பத்தடி உயரத்துக்கு இரும்புத் தூண் நட்டு, மேலே மேடையாக மரப்பலகை பரப்பி, பளபளவென்று வார்னிஷ் அடித்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலச் சந்து விட்டார்கள். "பலகை மூச்சு விடணும்" என்றார் அசோகன். கீழே கிடந்த இடம் வீணாகக் கூடாது என்று நாலு கடை ஒதுக்கினார்கள். மூன்று பேர் அண்ணாந்து சந்துகளைப் பார்த்துவிட்டு வரவே இல்லை. வந்தவள் இஸ்திரிக் கடை செங்கொடி மட்டும்தான்.

2003 ஐப்பசியில் பெய்ததே நாலு மழை. நாலும் சந்து வழியாக வார்னிஷைக் கரைத்துக்கொண்டு நேராக அவள் மேசையில் இறங்கின. மாதா கோயில் பாடகர் குழுவின் பன்னிரண்டு வெள்ளை அங்கிகளிலும் டீ நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கறை. குழுத் தலைவி ஐரீன் நல்ல மாதிரி. கத்தவில்லை.

"இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா அங்கியெல்லாம் தண்டையார்பேட்டை லாண்டரிக்குப் போயிடும் செங்கொடி. கோவிச்சிக்காத" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். செங்கொடியின் பிழைப்பில் பாதி அந்தக் கோயில் துணிதான்.

அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்தாள். மனு எல்லா மேசைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வர ஆறு மாதம் ஆயிற்று. சித்திரை வெயிலில் அசோகன் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு வொர்க் இன்ஸ்பெக்டர் டில்லிபாபு. அசோகன் டெக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சந்து வழியாக வெயில்தான் ஒழுகியது.

"எங்கம்மா தண்ணி ஒழுகுது?"

"மழை பேஞ்சா ஒழுகும் சார்."

"மழையில ஆய்வு பண்ண முடியாதே. மழை நேரத்துல டெக் மேல யாரும் ஏறக்கூடாதுன்னு நானே போர்டு வச்சிருக்கேன்."

"அப்போ இப்பவே எதுனா செய்ங்க சார்."

"என்னம்மா அவசரம்? மழைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே!"

இந்த வார்த்தை செங்கொடிக்கு உச்சந்தலையில் ஏறியது. "ஆறு மாசம் கீது, ஆறு மாசம் கீதுன்னு நீ குந்திகினு இரு சார்! ஏழாவது மாசம் நான் நடுத்தெருவுல நிப்பேன்!" என்று போட்ட சத்தத்தில் கடலைப் பார்க்க வந்த இரண்டு பேரும் இவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சத்தத்துக்குப் பயந்து ஒரு தொழில்நுட்பக் குழு பிறந்தது. அசோகன் தலைவர், டில்லிபாபு உறுப்பினர். பலகைக்கு அடியில் தகர வாய்க்கால் மாட்டலாமா, சாய்வாகப் பிளாஸ்டிக் தகடு கட்டலாமா, சந்துகளில் ரப்பர் திணிக்கலாமா என்று மூன்று வழிகளைக் குழு கண்டுபிடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்று விதி இருந்ததால், 'எதுவும் செய்யாமல் விடுதல்' என்பதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மழை இல்லாத குறைக்கு, லாரித் தண்ணீரை டெக்மேல் ஊற்றி, ஒவ்வொரு வழியிலும் கீழே தரையில் எவ்வளவு விழுகிறது என்று அளப்பதாக முடிவாயிற்று.

அந்தக் கோடையில் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் லாரி. வந்த லாரியும் பாதித் தெருவில் வற்றிவிடும். அப்படிப்பட்ட நாளில் தாவூது பாய் ஒரு முழு லாரியை ஓட்டிவந்து டெக் ஓரமாக நிறுத்தினார். செங்கொடியின் பக்கத்து வீட்டுக் குப்பம்மா தலைமையில் தெருவே பிளாஸ்டிக் குடங்களோடு வந்து நின்றது.

"இது தொழில்நுட்பத் தண்ணீர்! பொதுமக்களுக்கு வழங்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் அசோகன்.

"மேல ஊத்தி, பலகைய தாண்டி கீழ வந்தப்பறம் அது இன்னா தண்ணி சார்?" என்று கேட்டாள் குப்பம்மா.

அசோகன் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பலகைய தாண்டிட்டா கழிவுநீர் சார். கழிவுநீர எடுக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல."

"அப்பால இன்னா? ஊத்து பாய்!" என்றாள் குப்பம்மா.

முதல் சோதனை, எதுவும் செய்யாமல் விடுதல். தண்ணீர் சந்துகளில் கொட்டியது. கீழே அறுபது குடங்கள் நெருக்கியடித்து நின்றன. செங்கொடிக்கும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி மூன்று குடம் கொண்டுவந்து இஸ்திரி மேசைமேல் வரிசையாக வைத்தாள். எந்தச் சந்தில் அதிகம் ஒழுகும் என்று அவளுக்குத் தெரியாதா?

"இன்னாடி, டீ கலர்ல கீது?" என்றாள் ஒருத்தி.

"துணி தோய்க்கத்தானே? புடி" என்றாள் குப்பம்மா.

கொட்டி முடிந்ததும் அசோகன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்த மணல்தான் கையில் ஒட்டியது. "தரையில் விழுந்த நீர்: இல்லை. எழுதிக்கங்க. ஏம்மா, உங்க மேசை நனைஞ்சுதா?"

"கொடம் வச்சிருந்தேன் சார்."

"நனைஞ்சுதா, இல்லையா?"

"நனையல சார், ஆனா..."

"ஆனாவுக்கெல்லாம் படிவத்துல இடம் இல்லம்மா."

அடுத்த வாரம் தகர வாய்க்கால். தண்ணீர் அழகாக ஓடிக் கடைசிக் குழாயில் கொட்டியது. குழாயடியில் குடங்கள். தரையில் விழுந்த நீர்: இல்லை. கணக்கு எங்கே போகிறது என்று செங்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கடுத்த வாரம் பிளாஸ்டிக் தகட்டைக் கட்டித் தண்ணீர் திறந்ததுமே குப்பம்மாவிடம் ஓடினாள்.

"யக்கா, இந்த ஒரு தபா கொடத்த எடுங்க. கொஞ்சம் தரையில வுழட்டும். அப்பதான் கொடந்தான் தண்ணிய புடிக்குதுன்னு சாருக்கு தெரியும்."

"தண்ணிய தரையில வுட சொல்றியா? வெயில் ஏறிப்போச்சாடி உனுக்கு? மொதல்ல உன் மூணு கொடத்த எடு, பாக்கலாம்."

செங்கொடி தன் மூன்று குடங்களைத் திரும்பிப் பார்த்தாள். முக்கால் குடம் நிரம்பியிருந்தது.

"ரொம்பட்டும், எடுத்துடறேன்" என்றாள்.

நாலாவது வாரம் ரப்பர். தண்ணீர் இறங்காமல் டெக்மேலேயே குளமாக நின்றது. பெண்கள் மேலே ஏறி, சொம்பால் மொண்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டு போனார்கள். டெக் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பத்து நாளில் ஆணை வந்தது. 'நான்கு முறைகளும் சமமான திறனுடன் செயல்பட்டமையாலும், அவற்றுள் முதலாவதற்குப் பராமரிப்பு ஏதும் தேவைப்படாமையாலும், எதுவும் செய்யாமல் விடுதல் என்னும் வடிகால் அமைப்பு ஒருமனதாகத் தேர்வு செய்யப்படுகிறது.'

செங்கொடி கொதித்துப்போனாள். மறு சோதனை கேட்டு மேல்முறையீடு எழுதிக்கொண்டு கையெழுத்துக்குத் தெருவில் இறங்கினாள். அரை மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! தன் பிழைப்புக்காக ஒரு தெருவே திரண்டுவிட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலகத்துக்கும் எல்லோரும் கூடவே வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு குடமும் கொண்டுவந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்து அசோகனுக்கு வேர்த்தது. டில்லிபாபு குனிந்து அவர் காதில், "அந்தம்மா சொல்றதுதான் சார் நாயம். தகரத்த மாட்டிடலாம்" என்றார். அவருக்கும் இத்தனை நாளாக மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"சரிம்மா, நீங்கதான் ஜெயிச்சீங்க. தகர வாய்க்கால் போட்டுடறோம். சோதனை கீதனை எதுவும் வேணாம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளைக்கே மாட்டிடுவாங்க."

செங்கொடி பேனாவை வாங்கினாள். பின்னால் குப்பம்மா லேசாக இருமினாள்.

"நாளைக்கேவா? அப்போ லாரி?" என்று கேட்டாள் செங்கொடி.

"லாரி எதுக்கும்மா? சோதனைதான் இல்லையே."

செங்கொடிக்குக் கையெழுத்துப் போடத்தான் ஆசை. ஐரீனின் முகமும் பன்னிரண்டு அங்கிகளும் கண்முன் வந்தன. கூடவே, வீட்டு மூலையில் காலையிலிருந்து கவிழ்ந்து கிடக்கும் மூன்று குடங்களும் வந்தன. ஆனி மாதம் பாதி முடிந்திருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இன்னா சார் அவசரம்? மழைக்கு இன்னும் நாலு மாசம் கீதே! மொதல்லேர்ந்து மறுபடியும் ஒண்ணொண்ணா ஊத்திப் பாத்து, நெதானமா முடிவு பண்ணுங்க."

நிர்வாகம் என்றால் என்னவென்று புரிந்துகொண்ட ஒரு பொதுஜனத்தை அசோகன் தன் சர்வீஸில் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உக்காருங்கம்மா" என்று, அதுவரை யாருக்கும் காட்டாத நாற்காலியைக் காட்டினார்.

புதன்கிழமை காலையில் தாவூது பாயின் லாரி ஆடி அசைந்து வந்து டெக் ஓரமாக நின்றது. செங்கொடி அதற்கு முன்பே வந்து இஸ்திரி மேசையைத் தனியாளாகத் தள்ளி வெளியே வெயிலில் போட்டிருந்தாள். மேசை இருந்த இடத்தில் தாராளமாக ஆறு குடம் வைக்கலாம்.