வாடியம்மா பார்த்த மாப்பிள்ளைகள்

எஞ்சின் வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு போய், எஞ்சினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பையன் குணம் எப்படி?” என்று கேட்ட ஒரே ஜீவன் எங்கள் வாடியம்மாதான். மன்னார்குடித் தெப்பக்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஊருக்கு வெளியே மெயின் ரோட்டோரம் அவர் விறகுவாடி வைத்திருந்தார். சவுக்கும் புளியும் மாவுமாக மலைபோல் அடுக்கி, எடை போட்டு விற்கிற இடம். வாடிக்குச் சொந்தக்காரி ஆனதால் வாடியம்மா. வேறு பெயர் இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரால் வந்த வம்புகள் கொஞ்சமில்லை. புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் நடுரோட்டில் நின்றுகொண்டு, “வாடியம்மா! வாடியம்மா!” என்று உரக்கக் கூவ, குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு புதுப்பெண் திரும்பி வந்து குடத்தை அவர் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அன்று எங்கள் பக்கத்தில் பட்டுவாடாவான கடிதங்கள் எல்லாம் ஈரம்.

நான் அப்போது அங்கே ஒரு பள்ளியில் வாத்தியார். கல்யாணமாகாதவன். வாடிக்கு மேலே இருந்த மாடி அறையில் குடியிருந்தேன். வாடியம்மாவின் கணவர் முழுநேரக் கட்சிக்காரர். கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். வந்தாலும் குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட அடுக்குமொழியில்தான் சொல்வார். அவர் பேசி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும்.

வாடியில் கஷ்டம் வருவது தை மாதத்தில். ஊரில் கல்யாணம் எல்லாம் தையில். சமையல்காரர்கள் வண்டி வண்டியாக விறகு கேட்பார்கள். அதே தையில்தான் சம்பா அறுப்பு. விறகு வெட்டுகிறவர்கள் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள். வயலிலோ கூலித் தகராறு. ஒருபுறம் மிராசுதார்கள், மறுபுறம் சிவப்புக்கொடிச் சங்கம், நடுவில் போலீஸ் வேன். வெட்டுகிற ஆள் வயலில் இருக்கிறாரா, லாக்கப்பில் இருக்கிறாரா என்றே தெரியாது. ஒரு முகூர்த்தத்துக்கு விறகு போய்ச் சேராமல், பந்தியில் இலை போட்ட பிறகும் சோறு வேகவில்லை. பெண் வீட்டார் வாடிக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வாடியம்மா அறிவித்தார்: “மிஷின் வாங்கப் போறேன்.”

மறுநாள் காலை விறகுக் குவியல்மேல் சிவப்புக்கொடி பறந்தது. கொடிக்குக் கீழே மாரிமுத்து நின்றார். வாடியில் வெட்டுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர், சங்கத்தின் கிளைக்கும் அவர்தான் செயலாளர். கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார்:

“மிஷின் வந்தா நாங்க எங்கம்மா போறது?”

வாடியம்மா கொடியை நிமிர்ந்து பார்த்தார். “முதல்ல அத எடுத்து வேற எடத்துல நடு. இந்தக் குவியல் பச்சைப் புளி. காயறப்ப குவியல் சரியும், கொடியும் சரியும். அப்பறம் நான்தான் சாய்ச்சேன்னு ஊர்வலம் போவ.”

கூட்டத்தில் சிரிப்பு. மாரிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். 

“மிஷின் வேண்டாம்னு சொல்லாத மாரிமுத்து. எந்த மிஷின்னு நீ சொல்லு. என்கூட வா, பாரு.”

மாரிமுத்து யோசித்தார். “பொளக்கறது எங்க கோடாலிதான். மிஷின் குறுக்க அறுத்துப் போடறதோட நிக்கணும். ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சம்மதம்னா வரேன்.”

“சம்மதம். வாத்தியாரே, நீங்களும் வாங்க. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா படிக்கணும்.”

இப்படியாக எங்கள் மூவர் குழு புறப்பட்டது. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் வாடியம்மா. விசாரிப்பதில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான்.

முதலில் கும்பகோணத்தில் ஒரு கடை. புத்தம்புது கரண்ட் மோட்டார், வட்ட ரம்பத்தோடு. கடைக்காரர் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

“எவ்வளவு குடிக்கும்?” என்றார் வாடியம்மா.

“குடிக்கவே குடிக்காதும்மா. கரண்ட்ல ஓடறது.”

“கரண்ட் இல்லாதப்ப?”

“சும்மா இருக்கும்.”

“அப்படி ஒண்ணு ஏற்கெனவே எங்க வீட்டுல இருக்கு” என்று சொல்லிவிட்டு வாடியம்மா படி இறங்கினார்.

அடுத்து தஞ்சாவூரில் ஒரு பெரிய மர மில். அங்கே பட்டை ரம்பம் ஒன்று விலைக்கு இருந்தது. தென்னை உயரம், தேர்ச் சக்கரம் போல் இரண்டு சக்கரம், நடுவில் பளபளவென்று பல் வைத்த நாடா. தேக்கு மரத்தை அது வாழைத்தண்டு மாதிரி அறுத்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. வாடியம்மா மட்டும் மசியவில்லை.

“பல்லு போச்சுன்னா யாரு பாக்கறது?”

“மெட்ராஸ்லேருந்து ஆளு வரணும்மா.”

“வயித்து வலின்னா மெட்ராஸ்லேருந்து டாக்டர் வர்ற மாப்பிள்ளை நமக்கெதுக்கு? பெரிய எடம். நம்ம விறகோட பேசக்கூடச் செய்யாது.”

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் பழைய ஆயில் எஞ்சின் இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம். பச்சைப் பெயிண்ட் அடித்து ஜோராக நின்றது. மில்காரர் அதைப் புகழ்ந்த புகழ்ச்சியில் எஞ்சினே கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது. மாரிமுத்து அதைச் சுற்றி வந்தார். பிறகு நகத்தால் ஓரிடத்தில் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே விரல் நீளத்துக்குப் பற்றவைத்த தழும்பு.

“அம்மா, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஆபரேசன் ஆயிருக்கு.”

வாடியம்மா தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றபடியே வெளியே வந்துவிட்டார். அவ்வளவு கோபம்.

அதற்குப் பிறகு மாரிமுத்துவுக்கே வெறி பிடித்துக்கொண்டது. மிஷின் வேண்டாம் என்று கொடி நட்டவர், தினமும் வாடிக்கு வந்ததும் ஒரு புது எஞ்சின் செய்தியோடு வருவார். அப்படித்தான் அந்த மிராசுதார் வீட்டுத் தகவலும் வந்தது. பம்புசெட்டுக்கென்று வாங்கி, அதிகம் ஓடாமல் கொட்டகையில் கிடந்த எஞ்சின். நில உச்சவரம்புச் சட்டம், கூலித் தகராறு எல்லாம் சேர்ந்து அவரை அலுக்க வைத்திருந்தன. கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மகனோடு மெட்ராஸுக்குப் போக அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல வரவேற்பு. கூடத்தில் நாற்காலி போட்டார்கள். எனக்கும் வாடியம்மாவுக்கும் வெள்ளி டம்ளரில் காபி வந்தது. மிராசுதார் சொன்ன விலையும் நியாயமாகவே இருந்தது. மாரிமுத்து வாசல்படிக்கு வெளியே நின்றார். மிராசுதார் அவரைப் பார்க்காமலே சொன்னார்:

“அவன பின்பக்கமா கொட்டாய்க்குப் போகச் சொல்லுங்க. எஞ்சின் அங்கதான் கெடக்கு.”

மாரிமுத்து போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தம், நன்றாகச் சாப்பிட்டவன் விடுகிற குறட்டை மாதிரி சீராக இருந்தது. வாடியம்மா காபியைத் தொடவில்லை. எழுந்தார்.

“பார்க்க வந்தவங்க மூணு பேருங்கய்யா. ஒருத்தர மட்டும் பின்வாசலுக்கு அனுப்பற எடத்துல சம்பந்தம் சரிப்படாதுங்க. வரோம்.”

நான் காபியைக் குடித்துவிட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாரிமுத்து எரிந்து விழுந்தார். “தங்கமான எஞ்சின்ம்மா! ஏன் விட்டீங்க?”

“உனக்காகத்தான்யா.”

“நான் கேட்டேனா? இதே வாசல்ல எத்தனை அறுப்புக்கு நாங்க கூலி கேட்டு நின்னிருக்கோம். அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?”

வாடியம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே இறக்கி வைத்தார். மெதுவாகச் சொன்னார்: “விறகு வித்துக்கிட்டு இருந்தேன் மாரிமுத்து.”

 பஸ்ஸில் மாரிமுத்து தன் பக்கத்தில் துண்டால் இடத்தைத் துடைத்து வாடியம்மாவை உட்காரச் சொன்னார்.

அந்த அறுப்பில் தாசில்தார் ஆபீசில் கூலிப் பேச்சுவார்த்தை நடந்தது. மேசைக்கு ஒருபுறம் மிராசுதார்கள், எதிரே நாற்காலியில் சங்கத்தார். மாரிமுத்துவுக்கு நேர் எதிரே நம் எஞ்சின்காரர். ஒப்பந்தம் ஆகி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும்போது மாரிமுத்து சாவதானமாகக் கேட்டாராம்: “அந்த எஞ்சின் இன்னும் இருக்குங்களா?”

“இருக்கு. யாருக்கு?”

“எங்களுக்கு. விலையெல்லாம் நீங்க முன்ன சொன்னதே சரி. ஆனா வண்டி முன்வாசல்லதான் நிக்கும். கூடத்து வழியாத்தான் எடுப்போம்.”

தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்தார். மிராசுதார் மெட்ராஸ் ரயிலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டார்.

மாட்டு வண்டியில் எஞ்சின் வாடிக்கு வந்து இறங்கியதை நான் பார்த்தேன். கனமான இரும்பை எட்டுப் பேர் கூடத்தின் நடுவே கழியில் தூக்கி வந்த கதையை மாரிமுத்து சொல்லச் சொல்ல, வாடியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நிலைப்படி தடுக்கலையே?” என்று மட்டும் கேட்டார். “தடுத்துச்சு. தாண்டிட்டோம்” என்றார் மாரிமுத்து. எஞ்சினுக்குக் குங்குமம் வைத்து, வடை பாயசத்தோடு எல்லோருக்கும் சாப்பாடு. எஞ்சினோடு பெல்ட் போட்டு மாட்டிய வட்ட ரம்பம் குறுக்கே அறுத்தது, கோடாலிகள் பிளந்தன. ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. தூக்கம் போனது மாடியில் குடியிருந்த எனக்கு மட்டும்தான்.

பிறகு ஒரு ஐப்பசியில் எனக்குப் பூம்புகார்ப் பக்கம் மாற்றலானது. பஸ் ஸ்டாண்டுக்கு வாடியம்மா வந்தார். பின்னால் மாரிமுத்து, தலையில் ஒரு பெரிய விறகுக்கட்டு. கண்டக்டர் அலறினார்.

“என்னம்மா இது? அந்த ஊர்ல விறகே கெடைக்காதா?”

“கெடைக்கும். எல்லாம் ஈரமா இருக்கும். இவருக்கு அடுப்பு ஊதத் தெரியாது, கண்ணு கலங்கி உக்காந்துடுவாரு. இது ஊதாமலே பத்திக்கும். ஏத்துங்க மேல.”

மாரிமுத்துவே மேலே ஏறி, மழை படாமல் சாக்குப் போட்டு இறுக்கிக் கட்டினார்.

புது ஊரில் அன்று சாயங்காலம் அடைமழை. அந்த விறகில் நான்கை எடுத்து அடுப்பில் வைத்தேன். ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. துளிப் புகை இல்லை. ஆனாலும் சோறு வேகிறவரை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தேன்.