தே தாரிக்கும் டட்சனும்

"என்னங்க, நம்ம கார் விடுற புகையில பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் கறுத்துப் போச்சு. பேசாம மாப்பிள்ள வீட்டு வெள்ளக் காரையே எடுத்துக்கலாம்," என்றாள் உர்சுலா.

"என் மக என் டட்சன்லதான் கோயிலுக்குப் போவா," என்றார் டொமினிக், பானெட்டுக்குள் தலையை விட்டபடியே.

சனிக்கிழமை விவியனுக்குக் கல்யாணம். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கார் அது. இருபது வருடம் போர்வைக்குள் கிடந்ததை இப்போதுதான் கிளப்பியிருந்தார்.

கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ. இறுக்கினால் பெட்ரோல் குறையும், தளர்த்தினால் கூடும். அரைச் சுற்று இறுக்கிவிட்டு பிரிக்பீல்ட்ஸ் தெருக்களை வலம் வரக் கிளம்பினார். வழக்கம்போல வாசு கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பொட்டலமாக வாங்கி, டேஷ்போர்டில் எழுத்தழிந்து துருத்திக்கொண்டிருந்த குமிழில் மாட்டிக்கொண்டார். திரும்பும்போது பின்னால் கரும்புகை.

இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். மறுநாள் வண்டி வாசலைத் தாண்டவில்லை. கால் சுற்று தளர்த்தினார். ஓடியது. அந்த மகிழ்ச்சியில் இரண்டு பொட்டலம் வாங்கி மாட்டினார். வந்த புகையில் தலைக்கு மேல் போன மோனோரயில்கூடத் தெரியவில்லை.

"விட்டுடுங்கப்பா. நான் அந்த வெள்ளக் கார்லயே போறேன் லா," என்றாள் விவியன்.

டொமினிக்கின் கண் கலங்கிவிட்டது. ஸ்க்ரூவை மறுபடியும் மயிரிழை அளவு இறுக்கினார். வெள்ளிக்கிழமை மாலை, டட்சன் வாசு கடை வரைக்கும் திக்கித் திணறிப் போனது. தே வாங்கிக் கிளம்பியதும் தங்கமாக ஓடியது. புகையே இல்லை.

"எஞ்சின் சூடேறணும், அவ்ளோதான்," என்று வீட்டில் அறிவித்தார்.

சனிக்கிழமை காலை அவர் கோட்டுப் போட்டிருந்ததால், தே பக்கமே போகக் கூடாது என்பது உர்சுலாவின் உத்தரவு. மணப்பெண்ணோடும் உர்சுலாவோடும் புறப்பட்ட டட்சன் முக்கி முனகி, சரியாக வாசு கடை முன்னால் நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த வெள்ளைக் காரின் கதவு திறந்தது. உர்சுலா மகளின் கவுனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கமான வாடிக்கை என்று நினைத்த வாசு, ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அதே குமிழில் மாட்டினான்.

"இப்பவா தே குடிக்கிற நேரம்?" என்று சலித்தபடி டொமினிக் கடைசியாக ஒருமுறை சாவியைத் திருப்பினார்.

டட்சன் சீராக உறுமியது. விவியன் மறுபடியும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். கோட்டில் தே சிந்திவிடுமோ என்று பயந்த உர்சுலா பொட்டலத்தைக் கழற்றி, வெளியே இழுபட்டிருந்த குமிழை உள்ளே தள்ளினாள். எஞ்சின் நின்றது.

வாசு குனிந்து அந்தக் குமிழை உற்றுப் பார்த்தான்.

"அங்கிள், இது சோக் லா. வெளிய இழுத்தா பெட்ரோல் கூடும். இத்தன நாளா இத இழுத்துத் தொங்கிப் புகை விட்டது என் தே. இப்ப நீங்க டியூன் பண்ணி வச்சிருக்கிறதும் காருக்கு இல்ல, என் தே பொட்டலத்துக்கு. கழட்டாம கோயில் வரைக்கும் போங்க."