ராணியின் கண்ணும் நாகம்மாவின் பாலாடையும்

எங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணில் தூசி விழுந்துவிட்டால், விழுந்தவர் கண்ணைக் கசக்குவதற்கு முன்னால் மற்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பேரன் பேத்திகள் வரைக்கும் இந்த வழக்கம் இறங்கிவிட்டது. காரணமே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த புது மருமகனை (பாவம், நல்ல பிள்ளை) ஒருநாள் உட்கார வைத்து நானே விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆளாளுக்குக் கை கால் வைத்துச் சொல்கிற கதையை முழுசாக நானே எழுதிவிடுவதுதான் என் மானத்துக்கு நல்லது. மிச்சமிருக்கிற மானத்தைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக முளைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஆணிக் கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். புதுவாயலில் ஒரு ஓட்டு வீட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நிரந்தரத்துக்காக மேனேஜர் தும்மினால்கூட நான் கைக்குட்டையோடு ஓடுகிற காலம் அது.

ஒருநாள் மேனேஜர் ஸ்டோருக்குள் வந்தார். "மச்சினன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட மதுரைக்குப் போறோம். எங்க பாப்பா வளர்க்கிற ஒரு பிராணி இருக்கு. ஒரு வாரம் யாராவது..."

"நான் பார்த்துக்கறேன் சார்!"

அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நாய்தானே, ரெண்டு பிஸ்கோத்து போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர் வீட்டில் கூடையைத் திறந்து காட்டியபோதுதான் தெரிந்தது, அது கினி பன்றி. என் ஆயுசில் முதல்முறையாகப் பார்க்கிறேன். பெயரில் பன்றி, பார்வைக்கு வால் இல்லாத பெரிய எலி, சாப்பாட்டில் மாடு. பழுப்பும் வெள்ளையுமாக உருண்டையாக இருந்தது. 'வீக் வீக்' என்று விசில் அடித்தது. பெயர் ராணி. மேனேஜரின் மகள், எட்டு வயசு இருக்கும், கண்கலங்கிக்கொண்டே கூடையை என் கையில் கொடுத்தாள்.

"அங்கிள், கொத்தமல்லின்னா ரொம்பப் பிடிக்கும். காஞ்ச புல்லு நிறைய போடணும். ஆனா மெத்து மெத்துன்னு இருக்கணும். குச்சி குச்சியா இருக்கறது போடாதீங்க, கண்ல குத்திடும்."

தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சிரிப்பு. பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிற வீட்டில், வைக்கோல் போரில் சறுக்கி விளையாடி வளர்ந்தவன் நான். எனக்கு ஒரு மெட்ராஸ் குழந்தை வைக்கோல் பாடம் எடுக்கிறதாம்!

தை மாதம். எங்கே பார்த்தாலும் அறுப்பு. போகிற வழியில் ஒரு களத்தில் அப்போதுதான் அடித்துப் போட்டிருந்த புது வைக்கோலை ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். மேனேஜர் வீட்டு ராணிக்கு நம் ஊர் மரியாதை என்னவென்று காட்ட வேண்டாமா? ஒரு சாதிக்காய்ப் பலகைப் பெட்டியில் அந்த வைக்கோலை அப்படியே, நீளம் நீளமாக, அடியும் தாளுமாக, அமுக்கி அமுக்கி நிரப்பினேன். மாட்டுக்குப் போடுவது போலத்தான் போட்டேன். மாட்டின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இதன் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்றைக்கு லீவில் இருந்தது.

ராணிக்கு வைக்கோலைக் கண்டதும் ஆனந்தம். ஒரே பாய்ச்சலாக உள்ளே நுழைந்து, குடைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, மறுபடி குடைந்தாள். துள்ளிக் குதித்தாள். நானும் கைதட்டினேன். ஆஹா, என்னைப் போல வளர்க்கிறவன் உண்டா!

காலையில் பார்த்தால் ராணி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். கொத்தமல்லியை மூக்குக்கு நேராக நீட்டினேன், திரும்பவில்லை. வலது கண் மூடியிருந்தது. தண்ணீராகக் கொட்டி ரோமமெல்லாம் நனைந்திருந்தது. மெல்லத் திறந்து பார்த்தேன். கண்மணி மேலே மங்கலாக வெள்ளை. இமைக்கு அடியில் வைக்கோல் துணுக்கு ஒன்றின் நுனி தெரிந்தது.

வேலை போச்சு என்பதுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன உடம்பு கையில் நடுங்கியபோது வேலையெல்லாம் மறந்துபோயிற்று. என்னால் ஒரு வாயில்லா ஜீவன் குருடாகப் போகிறதே என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். வேட்டி முனையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒத்தினேன். ராணி போட்ட கூச்சலில் தெருநாய் குரைத்தது. பிறகு கண்ணில் 'உப்' என்று ஊதினேன். பெட்டியிலிருந்த வைக்கோல் தூசியெல்லாம் கிளம்பி என் கண்ணில் விழுந்ததுதான் கண்ட பலன்.

அப்போதுதான் அடுத்த வைத்தியம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் கதிர் அடிக்கும்போது கண்ணில் சுணை பட்டால் தாய்ப்பால் விடுவார்கள். தாய்ப்பால்! சரி, ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? நானோ கல்யாணமாகாத ஒண்டிக்கட்டை.

ரெண்டு வீடு தள்ளி நாகம்மா வீடு. மூத்த மகள் மல்லிகா பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, தாய்வீட்டில் இருந்தாள். அதுவரை சரி. ஆனால் நாகம்மாவின் புருஷன் எங்கள் கம்பெனி வாட்ச்மேன். ராணி விஷயம் அந்த வீட்டுக்குள் போனால் கம்பெனி கேட்டுக்குப் போய்விடும், அங்கிருந்து மேனேஜர் காதுக்குப் போய்விடும். ஆகவே கண் என்னுடையது என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். (இதை 'யோசனை' என்று அன்றைக்கு நினைத்தேன்.)

நாகம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். இளைய மகள் சரோஜா குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, காலங்காத்தால?"

"கண்ல தூசி உழுந்துடுச்சுக்கா. ரொம்ப பேஜாரா கீது. வந்து... மல்லிகா கைல சொல்லி... கொஞ்சூண்டு... பாலு..."

கடைசி வார்த்தை வெளியே வருவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. நாகம்மா சர்வ சாதாரணமாக, "அய்ய, இதுக்கா இவ்ளோ இழுக்கற? அடியே மல்லிகா, பாலாடைல கொஞ்சம் பால் எடுத்து அனுப்புடி! எந்தக் கண்ணு நைனா?" என்றார்.

"சோத்தாங்கை பக்கம்."

"படு."

"இல்லக்கா, குடுத்தா ஊட்டுக்கு எட்துகினு போயி நானே வுட்டுக்குவேன்."

"உன் கண்ணுக்கு நீயே எப்பிட்றா வுட்டுக்குவே? படுன்றேன்ல!"

பாய் விரிக்கப்பட்டது. படுத்தேன். என் கண்ணை நாகம்மா இரண்டு விரலால் அகட்டிப் பிடித்து, பிள்ளைக்குப் பால் புகட்டும் அந்தப் பாலாடையின் நுனியைச் சாய்த்து, நிதானமாக விட்டார். பால் கண்ணில் விழுந்து, காதுக்குள் போய், பிடரியில் இறங்கியது. "முழிச்சு முழிச்சு மூடு!" என்று அதட்டல் வேறு. தண்ணீர் பிடிக்கப் போன ரெண்டு பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல வேளை, பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக ஏற்கனவே படுத்திருந்தேன்.

"சாயங்காலத்துக்கு இன்னொரு வேளைக்குக் கொஞ்சம்..." என்று முனகினேன். நாகம்மா இரக்கப்பட்டு, மறுபடி வாங்கிய பாலை அந்தப் பாலாடையோடேயே கையில் கொடுத்தார். நோயாளி போலத் தெரிய வேண்டுமே என்று கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இடது கண்ணைக் கட்டியிருந்தேன்.

பின்னாலிருந்து சரோஜாவின் குரல்: "யம்மா! சோத்தாங்கை பக்கம்னு சொன்னாரு, பீச்சாங்கை பக்கம் கட்டிக்கினு போறாரு பாரு!"

ஓட்டம் பிடித்தேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பால். அறை வாசலில் கிடந்த கோழிக்கூடு எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை. தடுக்கி விழுந்ததில் கோழிகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாலாடை கையில் இருந்தது, பால் மண்ணில் இருந்தது. உள்ளேயிருந்து ராணி 'வீக்க்க்' என்று அலறினாள். துரத்திக்கொண்டு வந்த சரோஜா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"யம்மோவ்! பாலு இவுரு கண்ணுக்கு இல்லம்மா! எலிக்கும்மா!"

அந்தத் தெருவில் அவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாகம்மா முறத்தோடு வந்து நின்றார். "டேய்! பச்ச ஒடம்புக்காரி, என் பொண்ணு பால எலிக்காடா கேட்டு வாங்கினு வந்தே?" முறம் உயர்ந்தது. நான் குறுக்கே விழுந்து, "எலி இல்லக்கா! மேனேஜர் ஊட்டு ராணி! கண்ணு போவுதுக்கா!" என்று கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது.

நாகம்மா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். முறம் தானாகக் கீழே இறங்கியது. "அடப்பாவமே. எப்பிடிக் கண்ணு கலங்கி கீது பாரு. இத்த வச்சிக்கினு பாலாடை தூக்கிக்கினு சுத்தறியே, மாட்டாஸ்பத்திரி எங்க கீதுன்னு தெரியாதா உனக்கு? கெளம்பு!"

பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். நாகம்மா முன்னால் நின்று வழி விலக்க, சரோஜா மடியில் கூடை. அந்தப் பயணம் முழுக்க அவள் ஒரு விரலால் ராணியின் தலையைத் தடவிக்கொண்டும், என்னைப் பார்க்கிறபோதெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டும் வந்தாள்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் பசுவும் எருமையும் வரிசையில் நின்றன. நாகம்மா எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கூடையை மேஜை மேல் வைத்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர். எட்டிப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார்.

"கினி பன்னி! அடேயப்பா! காலேஜ்ல பார்த்தது! வேலைக்கு வந்ததுலருந்து மாடு, ஆடு, மாடு, ஆடு... எல்லாரும் வாங்கய்யா, வந்து பாருங்க!"

மாட்டுக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் சரோஜாவை ராணியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்ளச் சொன்னார். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரை ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, இமைக்கடியில் மெதுவாக, விட்டு விட்டுப் பாய்ச்சினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சீரகம் அளவுக்கு ஒரு துணுக்கு மிதந்து வெளியே வந்தது.

"வந்துடுச்சு!" என்று மாட்டுக்காரர்கள் ஒரே கூச்சல். எனக்கு அவர்களைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

"தண்ணிக்கே வந்ததால சரி. கண்ணுல குத்திக்கினு நின்னுதுன்னா கையால புடுங்கிடாதே, கண்ணே கிழிஞ்சு போவும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஏதோ ஒரு சாய மருந்தைக் கண்ணில் சொட்டினார். கொஞ்ச நேரத்தில் ராணியின் மூக்கிலிருந்து பச்சையாக ஒழுகியது.

"சார்! மூளை கரைஞ்சு வருது சார்!" என்று அலறினேன்.

"கண்ணுக்கும் மூக்குக்கும் வழி கீதுய்யா. நீ அழுதா உனக்கு மூக்கு ஒழுவாதா?" எனக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. சரோஜா பார்த்துவிட்டாள். டாக்டர் ராணியின் கண்ணைக் காட்டினார். "இதோ பாரு, கண்ணுல பச்சையா ஒரு கோடு ஒட்டிக்கினு கீது. அங்கதான் கீறல். ஆழம் இல்ல, ஆறிடும். ரெண்டு நாள் சும்மா வுட்டிருந்தா கண்ணு போயிருக்கும். ஊட்ல இன்னா வைத்தியம் பண்ணே?"

நான் கூரையைப் பார்த்தேன். "சொல்லு நைனா" என்றார் நாகம்மா.

சொன்னேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பால் கொட்டுச்சே, அது உன் நல்ல நேரம். கீறின கண்ணுல பால் வுட்டா சீழ் புடிச்சுடும். நான் குடுக்கற களிம்பத் தவிர வேற எதுவும் போடாதே, உங்க ஊட்ல கீற மனுசங்க மருந்து கூட. வைக்கோல மொதல்ல வெளிய கொட்டு. மெத்துன்னு புல்லு காய வச்சு, நல்லா ஒதறி, தூசி போனப்புறம் தாழ ஓரமாப் போடு. தலைக்கு மேல தொங்க வுடாதே. அமுக்கி அடைக்காதே." பிறகு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "உன் கண்ணு ஏன்யா இப்பிடிச் செவந்து கீது? மனுசன நான் பாக்கக் கூடாது..." என்றவர், மனசு கேட்காமல் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை என் கண்ணிலும் பாய்ச்சினார். எருமைக்கும் பசுவுக்கும் நடுவில் நின்று வைத்தியம் பார்த்துக்கொண்ட ஸ்டோர் கிளார்க் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அதற்கப்புறம் ராணி என் அறையில் இல்லை. "உன்ன நம்பி உட முடியாது" என்று நாகம்மா தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். சரோஜா வேளை தவறாமல் களிம்பு போட்டாள். பனி விலகுவது போல் நாளுக்கு நாள் அந்த வெள்ளை விலகியது. ராணி கொத்தமல்லிக்கு விசில் அடித்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மேனேஜர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாட்ச்மேன் கேட்டிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தார். நான் கொண்டுபோய் வைத்த கூடையிலிருந்து பாப்பா ராணியைத் தூக்கி, கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் பளபளன்னு இருக்கு" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே அங்கிள், குச்சி போடாதீங்கன்னு" என்றாள். மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது. மறுநாள் கூப்பிட்டு, "வேலையை நிரந்தரம் பண்ணிட்டேன். இனிமே நான் பேசி முடிச்சதும் கையைத் தூக்கு, போதும்" என்றார்.

எல்லாம் சரி, பாலாடை என்னிடமே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன். சரோஜா வாசலில் இருந்தாள், பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கொடுக்காமலே வந்துவிட்டேன். கொடுப்பதற்காக மறுபடி போனேன். மறுபடி மறந்தேன். கடைசியில் நாகம்மாவே, "அந்தப் பாலாடைய நீயே வச்சிக்க நைனா, உங்க அப்பா அம்மாவ மட்டும் இட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் பெரியபாளையத்தில் நடந்தது. மேனேஜர் குடும்பம் வந்திருந்தது. அந்த மாட்டு டாக்டரும் வந்திருந்தார். தாலி கட்டி முடித்து, மணையில் உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுக்கிற நேரம். சுற்றிலும் இரண்டு வீட்டுச் சனமும் நின்றது. நாகம்மா பட்டுப் புடவை சரசரக்க வெள்ளி டம்ளரை என் கையில் கொடுத்து, மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"மாப்ளே, இது குடிக்கறதுக்கு. கண்ல ஊத்திக்காதீங்க."