குளத்தைக் கண்டுபிடித்த வாத்து

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அதை ஒரு வாத்து கண்டுபிடித்தது. கண்டுபிடித்த சமயத்தில் ஒரு மந்தை எருமைகள் மூக்கு மட்டும் வெளியே தெரிய அதில் ஊறிக்கொண்டிருந்தன. அவை குளத்தில் இருந்தனவே தவிர, அதைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு வரலாற்றுப் படம் ஒத்துவராது.

இது நடந்து பல தலைமுறை ஆகிறது. அந்த வெள்ளை வாத்துக்குத் தொப்பி எல்லாம் உண்டு. தன் கூட்டத்தோடு வேறெங்கோ போகப் புறப்பட்டு, வழி தெரியாமல் இங்கே வந்து ஒதுங்கியது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது, எருமைகள் கொடுத்தன. குடித்து முடித்ததும் கரையில் ஒரு கொடியை நட்டு, "இன்று முதல் இது எங்கள் குளம்" என்றது. கொம்பாத்தா என்ற எருமை சேற்றை உதறிக்கொண்டு எழுந்து வந்து விட்டாள் ஒரு முட்டு. வாத்துக் கூட்டம் கொடியையும் தொப்பியையும் போட்டது போட்டபடி ஓட்டம் பிடித்தது. பிறகு பெரும்படையோடு திரும்பி வந்து குளத்தைப் பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆண்டது தனிக் கதை. ஆனால் முதல் நாள் ஓடியது ஓடியதுதான்.

கொம்பாத்தா வம்சத்தில் வந்தவள் மூக்காயி. அவளுக்கு இருந்த ஒரே குறை, இந்தக் கதையைக் காட்டில் யாரும் நம்பவில்லை என்பது. "மழை கொட்டினாலும் நகராத கூட்டம், படையை விரட்டிச்சாக்கும்!" என்று குரங்குகள் கிளையில் புரண்டு சிரிக்கும். முள்ளம்பன்றி முள்ளப்பன் அண்ணன்கூட, அவள் மனம் நோகக் கூடாது என்று நம்புகிற மாதிரி தலையாட்டுவார். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

அப்படி இருக்கும்போது பச்சோந்தி வண்ணமணி காட்டுக்கு வந்தார். பெரிய இயக்குநர். ஒரு கண்ணால் கேமராவையும் இன்னொரு கண்ணால் தயாரிப்பாளரையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூடியவர். அந்தத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

"குளத்தைக் கண்டுபிடிச்ச கதையைப் பிரம்மாண்டமா எடுக்கப் போறேம்மா" என்றார். "உங்க கொம்பாத்தாதான் படத்தோட உயிர். அந்த வேஷத்தை நீங்கதான் பண்ணணும்."

"முட்டுற காட்சி இருக்குமா சார்?"

"அது இல்லாமலா? கிளைமாக்ஸே அதுதான்."

மூக்காயிக்குக் கண் கலங்கிவிட்டது. படப்பிடிப்பு முடியும்வரை குளத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று மந்தை சார்பில் அவளே சொல்லிவிட்டாள்.

கதாநாயகன் அன்னராஜ் வந்திறங்கினார். பெயரில்தான் அன்னம், ஆள் பக்கத்து ஏரி நாட்டு வாத்து. நல்ல பழுப்பு நிறம். காலையில் இரண்டு அணில்கள் ஏறி நின்று உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு பூசினால் மத்தியானத்துக்குள் வெள்ளைக்காரர் ஆகிவிடுவார். ஒரே ஒரு சங்கடம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆகவே ஏழு கடல் தாண்டி வந்த அந்த மாவீரரைத் தண்ணீர் பக்கமே விடாமல், இலைக்குடை பிடித்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

காட்டு விலங்குகளுக்குத் துணை நடிகர் வேலை கிடைத்தது. சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்கு முன் ஒவ்வொருவர் மூக்கிலும் ஓர் எலும்பு மாட்டிவிட்டார்கள்.

"எங்க காட்டுல யாரும் எலும்பு மாட்டுனது கிடையாதே" என்றாள் மூக்காயி.

"தெரியும்மா. ஆனா இது இல்லேன்னா காடு மாதிரியே இல்ல" என்றார் வண்ணமணி.

அடுத்தது வசனம். மூக்காயி தன் குலத்துக் கதையை எல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டு, "யாரைக் கேட்டு இங்க கொடி நட்ட?" என்று அடிவயிற்றிலிருந்து கேட்டாள். வண்ணமணி இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

"அம்மா, நீங்க தமிழ் பேசக் கூடாது. 'ஜும்பா ஜும்பா'ன்னு கத்துங்க போதும்."

"நாங்க தமிழ்தானே சார் பேசுவோம்? வந்தவருக்குத்தானே தமிழ் தெரியாது?"

"அன்னராஜ் சார் ரசிகர்களுக்கு அவர் பேசறது புரிய வேண்டாமா? அதனால அவர் தமிழ். ரெண்டு பேரும் தமிழ் பேசினா யார் வெளியாள்னு ஜனங்க குழம்பிடுவாங்க."

அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. மூக்காயி ஜும்பா என்றாள்.

பிறகு கண்ணாடிக் காட்சி. வாத்துத் தலைவர் கண்ணாடியைப் பரிசளிக்க, விலங்குகள் தங்கள் முகத்தைப் பார்த்து அலறி ஓட வேண்டும். குரங்கு அதை வாங்கிப் பல்லிடுக்கில் சிக்கிய ஈரை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. ஒன்பதாவது டேக்கில் எல்லாரும் பசியில் நிஜமாகவே அலறினார்கள், காட்சி ஓகே ஆனது.

அதன்பின் வந்த காட்சியில்தான் மூக்காயிக்குச் சுரீர் என்றது. வாத்துத் தலைவர் எருமைகளுக்குக் குளிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர் கரையில் நின்று சிறகை அசைத்துக் காட்ட, பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடக்கும் மந்தை பயந்து பயந்து ஒரு காலை நனைக்க வேண்டும்.

"சார், முட்டுற காட்சி எப்ப?"

"கிளைமாக்ஸ்லம்மா. பொறுமையா இருங்க."

கடைசி நாள் கிளைமாக்ஸும் வந்தது. அணில் ஓடிவந்து வசனத்தாளை நீட்டியது. கொம்பாத்தா மண்டியிட்டு, 'பிரபுவே, இந்தக் குளம் இனி உங்களுடையது' என்று சொல்லி அவர் காலில் தாமரைப்பூ வைக்க வேண்டும். இப்போது மட்டும் தமிழில் சொல்லலாமாம்.

மூக்காயி இயக்குநரைப் பார்த்தாள். "முட்டணும்னு சொன்னீங்களே சார்."

"முட்டினா அது வெறும் சண்டைம்மா. மண்டியிட்டா காவியம். படம்னா நாம கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கணும்."

"சரிங்க சார்" என்றாள் மூக்காயி.

கேமரா ஓடியது. அன்னராஜ் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மூக்காயி மண்டியிடுவது போலத் தலையைத் தாழ்த்தினாள். தாழ்த்திய தலையை அப்படியே கொண்டுபோய் விட்டாள் ஒரு முட்டு. மாவீரர் தொப்பியோடு பறந்து குளத்தின் நடுவில் விழுந்தார். சுண்ணாம்பு கரைந்து, பழுப்பு வாத்தாக எழுந்து, "அய்யோ அம்மா!" என்று சுத்தமான பக்கத்து ஏரித் தமிழில் கத்தினார். காடே ஆர்ப்பரித்தது. குரங்குகள் கிளையை உலுக்கி ஆடின. "நீ சொன்னது நிஜந்தான் தங்கச்சி, நிஜந்தான்!" என்று முள்ளப்பன் அண்ணன் முள்ளெல்லாம் சிலிர்க்கக் கூவினார். மூக்காயி பிறந்ததற்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

வண்ணமணி மட்டும் கோபப்படவே இல்லை. "கட் சொல்லாதே, ஓடட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

படம் வெளியான அன்று, பொழுது சாயும் நேரத்தில் மூக்காயி தன் மந்தையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அசைபோட்டபடி கிளைமாக்ஸுக்காகக் காத்திருந்தாள்.

திரையில் வாத்துத் தலைவர் பூப்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். எங்கிருந்தோ ஒரு வயலின் தொடங்கியது. கறுத்த எருமை ஒன்று சதி நிறைந்த கண்களோடு தலையைத் தாழ்த்தியது. அப்புறம் எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. தலைவர் சிறகு விரிந்து காற்றில் மிதந்தார். தொப்பி தனியாக மிதந்தது. சுண்ணாம்பு கரைந்த நீரைச் சிவப்பாக்கியிருந்தார்கள். "நான் உங்களுக்கு அன்பைத்தானே கொண்டுவந்தேன்..." என்று டப்பிங்கில் ஒரு குரல் தழுதழுத்தது. வயலினோடு புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது.

காடு முழுவதும் விசும்பியது. குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. அந்தச் சமயத்தில் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல், "அடி பாவி, உனக்கு நல்ல சாவே வராது!" என்று திரையைப் பார்த்து அலறியது. யார் அப்படி அலறுவது என்று மூக்காயி திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

வெளியே வரும்போது முள்ளப்பன் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உனக்கு எப்படித் தங்கச்சி மனசு வந்துச்சு?"

"அதாண்ணே எனக்கும் புரியல" என்று மூக்காயி தேம்பினாள். "எங்க பரம்பரையே இப்படித்தான் போலிருக்கு."

அந்த வாரமே கரையில் வாத்துத் தலைவருக்குச் சிலை வைத்தார்கள். எருமைகள் குளத்தில் இறங்கினால் சிலையின் மேல் சேறு தெறிக்கிறது என்று புகார் வந்ததால், குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவது என்று முடிவானது. கயிற்றைக் கொம்பில் மாட்டிக்கொண்டு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இழுத்துக் கட்டியது மூக்காயிதான். அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

*நீதி: ஊரைப் பிடிக்க வருகிறவனை முட்டலாம், தவறில்லை. வயலின் வாசிக்கிறவனை முதலில் முட்டிவிட்டு, அப்புறம் வந்தவனிடம் போக வேண்டும்.*