லிஃப்ட்டுக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு

ஆண்டும் கிழமையும் எனக்குத் தவறாது என்று எங்கள் வீட்டில் பெயர். கல்யாணமோ புதுமனை புகுவிழாவோ, எந்த வருடம் என்று என்னைத்தான் கேட்பார்கள். 1966-ஆம் ஆண்டின் ஆயுத பூசையைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதை அவர்களே எனக்குச் சொல்கிறார்கள், வருடா வருடம், ஆள் மாற்றி ஆள்.

அப்போது நான் மின்பொறியியல் மாணவன். அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தொழிற்பயிற்சிக்காக ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்த்தார்கள். முதல் வேலை, அக்கா குடியிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்திலேயே அமைந்தது. (படுக்கையிலிருந்து எழுந்து படியேறினால் வேலையிடம். நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதற்கு அளவே இல்லை.)

ஆயுத பூசையன்று காலை, ஃபோர்மேன் ரத்தினம் அண்ணன் தேக்கா சந்தையில் வாங்கிய சந்தனம், குங்குமம், கர்ப்பூரம், சாமந்தி மாலையோடு மொட்டை மாடி மோட்டார் அறைக்கு வந்தார்.

"தம்பி, மெஷினைத் தொடச்சுப் பொட்டு வை. பொரிகடலையை மறந்துட்டேன்லா. போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"மெயினை அணைக்கணுமாண்ணே?"

"அணைக்காம பொட்டு வச்சா, மாலையை உனக்குத்தான் போடணும்."

அவர் போனதும் அணைத்தேன். அணைக்குமுன் லிஃப்ட்டைத் தரைத்தளத்துக்கு இறக்கி, உள்ளே ஆள் இல்லையென்று பார்க்க வேண்டும். வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தந்த பாடம் அது. தேர்வில் அதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

மோட்டாருக்குப் பொட்டு வைத்தேன். கையால் லிஃப்ட்டை நகர்த்த உதவும் சக்கரத்துக்குச் சந்தனத்தை வழித்துப் பூசினேன். சுவரில் இருந்த மின்பலகையைத் திறந்தால், வரிசை வரிசையாகச் செம்புத் தொடுமுனைகள். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வைத்தேன். கர்ப்பூரத்தை ஏற்றிக் கண்ணை மூடினேன்.

"யாரு மேல? லைட்டு போயிடுச்சு!"

கம்பிவடங்கள் இறங்கும் தரைத் துளை வழியாக வந்தது குரல். பேசியது என் அக்கா. அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. பிள்ளை இன்றோ நாளையோ என்று வீடே காத்திருந்தது. பேறுகாலத்துக்கு முன் அக்கா லிஃப்ட்டில் இறங்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

நான் மூச்சே விடவில்லை. (பேசாமல் இருந்தால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று அந்த வயதில் ஒரு நம்பிக்கை.)

"மக்சிக், ஏதோ எரியுற வாசம் வருது!" என்று அக்கா அலறினாள். துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள், "சாபார், சாபார்" என்று பொறுமை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எரியலக்கா. கர்ப்பூரம்," என்றேன்.



"தம்பியா அது?"

"ஆயுத பூசைக்கா."

"டேய்! வலி வந்து கே.கே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்டா! எனக்கா பூசை போடுற?"

பாய்ந்து மெயினைப் போட்டேன். பலகை 'ம்ம்ம்' என்று முனகியது. லிஃப்ட் அசையவில்லை. என் பொட்டு ஒவ்வொன்றும் காய்ந்து, தொடுமுனைகளுக்கு நடுவே மின்சாரம் போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி அணைத்துவிட்டுச் சட்டை நுனியால் துடைத்தேன். தேக்கா கடைக்காரர் கலப்படம் இல்லாத சந்தனம்தான் கொடுத்திருந்தார்; லேசில் போகவில்லை.

கீழே அக்கா பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. பிறகு இன்னொரு முனகல். இரண்டுக்கும் இடையே இருந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். டாக்சி பிடிக்க முன்னால் இறங்கிப் போயிருந்த அத்தான், ஒன்பது மாடி ஏறி வந்து கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"எந்த மடையன் லிஃப்ட்டை..." என்று ஆரம்பித்தவர் என் நெற்றியைப் பார்த்தார். மிச்சச் சந்தனம் அங்கே இருந்தது. அந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை முடிக்கவில்லை.

"அத்தான், இந்தப் பிடியை அழுத்துங்க. பிரேக் விடும். நான் சக்கரத்தைச் சுத்தறேன்."

அவர் அழுத்தினார். நான் சுற்றினேன். என் கைதான் சுற்றியது. சந்தனம் பூசிய சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. அத்தான் தோளில் கிடந்த துண்டை உருவி எறிந்தார். அதைச் சக்கரத்தில் சுற்றிப் பிடித்தேன். நகர்ந்தது!

"ஏன்டா மேல போவுது? கீழ விடுடா!" என்றாள் அக்கா.

உள்ளே இருவர்தான்; வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை அதைவிடக் கனம். மேலே ஏற்றுவதுதான் சுலபம். இதை விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. அங்குலம் அங்குலமாக, புறப்பட்ட ஏழாம் மாடிக்கே அக்காவைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தேன். ஓடிப்போய்ச் சாவியால் கதவைத் திறந்தோம். அக்கா வியர்வையில் நனைந்திருந்தாள். என்னை அடிக்கத்தான் கையை ஓங்குகிறாள் என்று நினைத்தேன். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்குடா."

பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து அத்தானும் நானும் அண்டை வீட்டாரும் ஏழு மாடியும் சுமந்து இறங்கினோம். வழியில் எதிர்ப்பட்டார் ரத்தினம் அண்ணன், கையில் பொரிப் பொட்டலத்தோடு.

"பூசை முடிஞ்சுதா தம்பி?"

நாற்காலி அவரைத் தாண்டி இறங்கியது.

அன்று மாலையே, ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நான் இரவுவரை தொடுமுனைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் பயிற்சி அறிக்கையில் ரத்தினம் அண்ணன் சொல்லி எழுதவைத்தது ஒரே வரி: "வேலையில் பக்தி அதிகம்."

அக்கா இப்போது ஈசூனில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆயுத பூசையன்று காலையில் தவறாமல் அவளிடமிருந்து தொலைபேசி வரும்.

"தம்பி, எங்க இருக்க?"

"வீட்டுலதான்கா."

"அங்கயே இரு."

அதன் பிறகுதான் லிஃப்ட் பொத்தானை அழுத்துவாள்.