பிறந்த அறை காட்டும் சித்தப்பா

ஆரியசாலை வீட்டிலிருந்து குற்றாலலிங்கம் மதராசுக்குக் கிளம்பியது ஒரு சரஸ்வதி பூஜையன்று. பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே, சிறுபிள்ளைகளுக்காக அவன் எழுதிய நரிக்கதைக் கட்டும் இருந்தது. சித்தப்பா பூதலிங்கம் பிள்ளை அதை முற்றத்தில் வீசி, "நரிக்குமாடா சந்தனம் தெளிக்கணும்?" என்று கேட்டார். பையன் கட்டைப் பொறுக்கிக்கொண்டு ரயிலேறினான்.

வாசகர்களே, 'புகழ்பெற்றவரின் சித்தப்பா' என்ற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருக்கும்போது துரத்துவார், செத்தபின் திறந்து காட்டுவார். பிள்ளைகள் கொண்டாடும் கதாசிரியனாகிக் குற்றாலலிங்கம் மதராசிலேயே கண்ணை மூடியதும், பூதலிங்கம் பிள்ளை வாசலில் 'பிறந்த இல்லம்' என்று பலகை மாட்டி, அவன் சாப்பிட்டதாக ஒரு தட்டு, உடைத்ததாக ஒரு சிலேட்டு, உட்கார்ந்ததாக ஒரு முக்காலி, எல்லாவற்றையும் விதவை மதினி விஜயம் படுத்திருந்த அறையில் பரப்பி, குறுக்கே கயிறு கட்டினார். முக்காலி போன மாதம் சாலைக் கடைத்தெருவில் வாங்கியது. சரி, கதாசிரியனைப் பெற்ற விஜயம்? சரக்கறையில், மிளகாய் மூட்டைகளோடு. ஓயாத தும்மல்.

"என் அறையைத் தாங்க, தம்பி."

"அது இப்ப உங்க அறையா மதினி? நாட்டுச் சொத்தில்லையா?"

ஒரு நாள் டீச்சர்மார் பார்க்க வந்தார்கள். பிள்ளை கைத்தடியை நீட்டினார். "இந்த மூலையிலதான் பிறந்தான், கேட்டியளா! முதல் அழுகையைக் கேட்டதே நான்தான்."

ரத்னாபாய் டீச்சருக்கு ஒரு சந்தேகம். "மூத்த பிள்ளைதானே? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மை வீட்டுக்கு அனுப்பல்லியா? கஷ்டம் தன்னே! இதென்ன வீடு!"

பிள்ளை கைத்தடியைத் தாழ்த்தினார். அனுப்பினோம் என்றால் அறை போச்சு; அனுப்பவில்லை என்றால் குடும்ப மானம் போச்சு. எதை விடுவார், பாவம்?

சரக்கறையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. பிறகு குரல்: "அனுப்பினாவ, அம்மா. கோட்டாத்துல எங்க அம்மை வீட்டுலதான் பிறந்தான்."

மறுநாள் காலை விஜயம் பாயைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். கயிறு அப்படியே இருந்தது. வாசல் பலகை மட்டும் எழுத்து மாறி அறை நிலைக்கு வந்திருந்தது: 'கதாசிரியர் பிறப்பதற்கு முன், வளைகாப்பு வரை வாசம் செய்த அறை.'

இனிக் கோட்டாறுதான் கதி என்று, மகனைப் பெற்ற அந்த அறையிலேயே வந்து படுத்துக்கொள்வதாக அண்ணனுக்கு எழுதிப் போட்டாள். அடுத்த வருஷ மழைக்காலத்தில்தான் பதில் வந்தது. "தங்கச்சி, தாராளமா வா. அந்த அறையை மட்டும் பூட்டி வச்சிருக்கேன், பார்க்க ஆளுக வாறாவ. தொழுவத்துப் பக்கம் உனக்கு நல்ல காத்து வரும்."

நம் வீட்டில் புகழ்பெறும்படி யார் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தானே சிரிக்கிறீர்கள்? பூதலிங்கம் பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருந்தார்.