பார்ட்டிஷனின் மறுபக்கம்

பதுளை மாவட்டத்தில் எதையும் ஒன்றாக வைத்திருக்கத் தெரியாத ஒரே மனிதர் பார்ட்டிஷன்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா, பையில் இரண்டு குடை. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் ஒரு பிளேன்டீ, ஒரு பால் டீ. "ஒன்னு வாய்க்கு வெளங்கலன்னா இன்னொன்னு இருக்கில்ல சார்" என்பார். பிறகு இரண்டையும் குடித்துவிடுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் படிப்பித்த கம்பியூட்டர் வகுப்பு பஸார் வீதியில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே பழுது பார்ப்பவர் அவர். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருவார். வைரஸ் என்று யார் மெஷினைக் கொண்டுவந்தாலும் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அப்படிப் பிரிப்பதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் எங்கள் முதலாளிக்கே மறந்திருக்கும்.

கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஒருநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"இஞ்ச பாரும், போட்ட உடன எது வேணுமெண்டு கேக்குது. பத்து எண்ண முன்னம் சொல்லாட்டி தன்ர பாட்டில ஓடுது. என்ர மனுசி கூட என்னை இப்பிடி வெருட்டினதில்லை!"

"ஒன்னு படுத்துக்கிச்சுன்னா மத்தது எந்திரிச்சு நிக்குங்க ஐயா."

"படுத்தா நான் எழுப்புறன். நீர் உந்த லினக்ஸை எடும்!"

எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை அந்த மெஷின் பழுதாகி வந்தபோது மறுபடியும் போட்டுவிட்டார்.

பார்ட்டிஷனின் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடானது. புறப்படுமுன் அவரை வகுப்புக்கு அழைத்துவந்து, மைக் முன்னால் உட்காரவைத்து, சின்ன மகளுக்காகக் குரலைப் பதிந்துகொண்டார். பதிந்ததை வகுப்பு மெஷின் ஒன்றின் லினக்ஸ் பக்கம் வைத்தார். எங்கள் பிள்ளைகள் விண்டோஸ் பக்கத்தில் கண்டதையெல்லாம் அழித்துவிடுவார்கள். மறுபக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிவந்து கேட்கவைப்பார்.

ஒருநாள் முதலாளி தன் கைத்திறமையைக் காட்ட, அந்த மெஷினில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார். அதோடு எது வேண்டுமென்று கேட்கும் திரையே வராமல் போனது. நான் தேநீர்க் கடைக்கு ஓடினேன். பார்ட்டிஷன் இரண்டாவது டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பதறாதீங்க சார். அந்தப் பக்கம் அப்படியே இருக்கு. வாசலத்தான் மூடிட்டாரு."

ஒரு பிளாப்பியைப் போட்டு ஏதோ தட்டினார். திரை திரும்பி வந்தது.

இரண்டாம் வருடம் குவைத்திலிருந்து அந்த அம்மா பெட்டியில் திரும்பி வந்தார். காய்ச்சல் என்றார்கள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று ஒட்டியிருந்தது. தோட்டத்தில் அவர்கள் வீடிருந்த லயத்து வாசலில் பார்ட்டிஷன் ஒவ்வொருவரிடமும் போய், "ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துக்கிறேனே" என்று கேட்டார். யாரும் விடவில்லை. ஊரார் மெஷினெல்லாம் திறந்த மனிதர் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய் அழுதேன்.

கருமாதி முடிந்ததும் வகுப்புக்கு வந்து அந்த மெஷினைப் போட்டார். எது வேண்டுமென்று திரை கேட்டது. விரல் நகரவில்லை. நேரம் ஓடி, விண்டோஸ் தானாக வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் விண்டோஸ்.

"சார், நீங்க அமுத்துங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது."

நான்தான் அழுத்தினேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்த அம்மாவின் குரல்.

"இது ஓடுதா? பாப்பா, அம்மா பேசுறேன். அப்பா ரெண்டு டீ வாங்கும். ஒன்ன நீ புடுங்கிக் குடி. அது ஒன்னும் சொல்லாது."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவர் நிமிர்ந்ததும் நான் கேட்டேன். "எல்லாத்தையும் ரெண்டா வச்சுக்கிறவரு நீங்க. இத சிடியில ஒரு காப்பி எடுத்துத் தரட்டுமா?"

"வேணாங்க சார். அவ ஒருத்திதானே."

முதலாளி அந்த மெஷினை அவருக்கே கொடுத்துவிட்டார். பஸ் நிலையம் வரை நல்ல மழை. இரண்டு குடையையும் என்னிடம் தந்து மெஷினுக்குப் பிடிக்கச் சொன்னார். தான் நனைந்தபடி அதைத் தூக்கிவந்தார். மடுல்சீமை பஸ்ஸில் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு டிக்கெட் கேட்டார்.

"சாமானுக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"சீட்டுல ஒக்காந்திருக்கில்ல. குடுங்க."

அவரைப் பற்றி எது கிடைத்தாலும் வகுப்பில் ஒரு வாரம் சொல்லிச் சிரிப்பவன் நான். இதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.